சாப்பிடாமலே சுகர் ஏறுவது ஏன்? கல்லீரலைக் கழுவிப் பார்த்த கிளாட் பெர்னார்ட்

குமுளியில் சாயங்காலம் பஸ் ஏறுறீங்க. காலையில் சென்னையில் இறங்கும்வரை எதுவும் சாப்பிடலை. அப்பவும் ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோவதில்லை. காரணம், உங்க கல்லீரல். இதைக் கண்டுபிடித்தவர் முதலில் நாடக ஆசிரியராக ஆசைப்பட்டவர்.

கிளாட் பெர்னார்ட் 1813-ல் பிரான்ஸில் ஒரு திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். லியோன் நகரில் மருந்துக்கடை வேலை. எழுதிய நாடகத்தோடு பாரிஸ் போனார். படித்துப் பார்த்த விமர்சகர், மருத்துவம் படிக்கச் சொல்லிவிட்டார்.

சர்க்கரையைச் செடிகள்தான் உருவாக்கும், விலங்குகள் செலவழிக்க மட்டுமே செய்யும் என்று நம்பிய காலம் அது. பெர்னார்ட் நாய்களுக்கு இறைச்சி மட்டும் கொடுத்தார். ஆனாலும் கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. 1855-ல், வெட்டியெடுத்த கல்லீரலுக்குள் தண்ணீர் பாய்ச்சி சர்க்கரை முழுவதையும் கழுவினார். மறுநாள் அதே கல்லீரலில் மறுபடியும் சர்க்கரை! அங்கே சேமித்து வைக்கப்பட்டிருந்த பொருளை 1857-ல் பிரித்தெடுத்து, கிளைக்கோஜன் என்று பெயர் வைத்தார்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. மனைவி கொண்டுவந்த சீதனம்தான் ஆய்வுக்குக் கைகொடுத்தது. ஆனால் விலங்குகளை உயிரோடு அறுக்கும் சோதனைகளை மனைவியும் மகள்களும் வெறுத்தார்கள், குடும்பம் பிரிந்தது. 1878-ல் அவர் இறந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடந்தது.

இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல். சாப்பிட்டதும் சர்க்கரையைச் சேமி, வெளியே விடுவதைக் குறை என்று கல்லீரலுக்குக் கட்டளையிடுவது அதுதான். கொழுப்பு படிந்த கல்லீரல் இந்தக் கட்டளைக்குச் சரியாகக் கீழ்ப்படியாது. ராத்திரி முழுக்க சர்க்கரையை விட்டுக்கிட்டே இருக்கும். அதனால்தான் பட்டினியாக இருந்தும் காலையில் சுகர் ஏறுது.

சிரோசிஸ் வந்தால் கதை மாறும். சேமிக்கும் இடமே சுருங்குவதால், சாப்பிட்டதும் சுகர் எகிறலாம். பட்டினியில் ஆபத்தாக இறங்கவும் செய்யலாம். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி டெஸ்ட்கூட உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும்.

ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர் என்று இருந்தால், சுகரையும் சேர்த்துப் பாருங்க. கல்லீரல் நோய் இருக்கும்போது சுகர் தானாகக் குறைந்தால், குணமாயிடுச்சு என்று நினைக்காதீங்க. டாக்டரைப் பாருங்க.