பொங்கோல் கரையில் ஒரு புலிக்காரர்

சிங்கப்பூரின் மிருகக்காட்சிசாலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நாம் எல்லாரும் மண்டாய் என்று சொல்வோம். 1973ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் திறக்கப்பட்டது அது. ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பேருந்து நிறையப் பிள்ளைகளாகப் பாலம் கடந்து வந்து நாங்கள் பார்த்த முதல் சிங்கப்பூர் அதுதான். இப்போது நான் அறை எடுத்துத் தங்கியிருக்கும் செம்பவாங்கிலிருந்து அது தூரமே இல்லை. ஆனால், அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1928இல், ஓர் இந்தியர் தம் சொந்தப் பணத்தில் இங்கே ஒரு மிருகக்காட்சிசாலை வைத்திருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பெயர் வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா. முதன்முறை கேட்டபோது, பசப்புகிற ஆள் போலும் என்று நண்பர்களோடு சிரித்தேன். பிறகு பார்த்தால் அது கன்னடப் பெயர். பசவன் என்றால் நந்தி, காளை. பெயரிலேயே ஒரு விலங்கோடு பிறந்தவர்! அவருடைய தந்தை ஹுன்மா சோமப்பா சிங்கப்பூரில் பெருநிலக்காரர். சாங்கி வட்டாரத்தில் இருந்த சோமப்பா கிராமம் அவர் பெயரைக் கொண்டதே. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் முகவரியில் இன்றும் சோமப்பா சாலை இருக்கிறது. அங்கே படிக்கும் நம் தோழர்கள் தினமும் அந்தப் பெயரைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளை நிலத்தையும் வாடகையையும் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். பசப்பாவுக்குப் பிடித்ததோ விலங்குகள். 317, சிராங்கூன் சாலை என்ற தம் வீட்டு வளவிலேயே பறவைகளையும் விலங்குகளையும் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். சிராங்கூன் சாலைக்கு விலங்கு புதிதல்ல. கண்டாங் கெர்பாவ், எருமைச் சாலை என்ற பெயர்களே சொல்லுமே! தேசியப் பள்ளியில் மலாய் படித்த எனக்குக் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில் என்று விளக்கம் தேவைப்படவில்லை. மாட்டு வியாபாரமும் பால் வியாபாரமுமாக நம்மவர்கள் வாழ்ந்த தெரு அது. ஆனால் மாடு வேறு, புலி வேறு அல்லவா? பசப்பா ஒரு வங்கப் புலியை வளர்த்தார். அதற்கு அபே என்று பெயர். சங்கிலியில் பிடித்துக்கொண்டு அதனோடு நடந்து போவாராம். ஊர் அவரை விலங்கு மனிதர் என்றே அழைத்தது.

வீட்டு வளவு எத்தனை காலம் தாங்கும்? பொங்கோல் சாலையின் வடகோடியில், கடலோரமாக, ஏறத்தாழ 27 ஏக்கர் நிலத்தில் 1928இல் மிருகக்காட்சிசாலையை அமைத்தார். சுமார் 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் அங்கே இருந்தன. நுழைவுக் கட்டணம் 40 காசு. இன்று அது ஒன்றுமில்லை. ஆனால் 1930களில் எங்கள் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஓர் ஆணின் நாட்கூலியே அரை வெள்ளியைச் சுற்றித்தான் இருந்தது. ஆகவே பால் மரம் வெட்டிய என் முன்னோர்கள் யாரும் பசப்பாவின் புலியைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு.

பசப்பாவை ஒரு பிராணிப் பிரியராக மட்டும் காட்டிவிட்டுப் போவது எளிது. அவர் விலங்கு வணிகரும்கூட. அக்காலச் சிங்கப்பூர் காட்டு விலங்கு வாணிபத்தின் பெரிய சந்தை. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மலாயாக் காடுகளிலும் பிடிபட்டவை இங்கே வந்து இறங்கி, ஐரோப்பா, அமெரிக்காவின் காட்சிசாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் கப்பலேறின. அமெரிக்க விலங்கு வேட்டைக்காரர் ஃபிராங்க் பக் காத்தோங்கில் முகாமே வைத்திருந்தார். 1930இல் அவர் எழுதிய புத்தகமும் 1932இல் வந்த படமும் உலகெங்கும் ஓடின. ஓர் ஒராங் ஊத்தான் குட்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் முதலில் தாயைச் சுட வேண்டும். கூண்டுக்கு வெளியே நின்று குட்டியைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு அந்தத் தாய் கண்ணில் படவில்லை. சிங்கப்பூர் அழியும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையில் சேர்ந்தது 1986இல்தான்.

அன்றைய மனிதரை இன்றைய தராசில் நிறுக்கலாமா என்று கேட்பீர்கள். நானும் இதை என் தாத்தாவை வைத்துத்தான் யோசித்தேன். தோட்டத்து லாரியில் ஏறி, டவுனுக்கு வந்த சர்க்கஸைப் பார்க்கப் போன கதையைத் தாத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார்! கரடி சைக்கிள் ஓட்டியது, சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தது என்று அவர் சொல்லும்போது பேரப்பிள்ளைகள் நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். அதில் ஒரு யானை வரும். ஆட்டம் தொடங்கும் முன் கூடாரத்தின் பின்னால் காலில் சங்கிலியோடு நின்று, தலையையும் துதிக்கையையும் இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்ததாம். உள்ளே வாசிக்கும் பேண்டு வாத்தியத்துக்கு யானை ஆடுகிறது என்று இவர்கள் கைதட்டினார்களாம். கட்டிப்போட்ட யானை அப்படி ஓயாமல் அசைவது மனம் நொந்ததன் அடையாளம் என்று பின்னாளில் நான் படித்துச் சொன்னேன். தாத்தா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், நாங்களும் சங்கிலி இல்லாத கூலிகள்தானே, எங்களுக்கு எப்படித் தெரியும் என்ற பொருளில் ஏதோ முணுமுணுத்தார். அந்த யானையைப் பற்றி அதன் பிறகு அவர் பேசியதில்லை.

சர்க்கஸ் விலங்குகளைப் பற்றிச் சிங்கப்பூருக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1902 ஆகஸ்ட்டில் பீச் ரோடு பக்கம் காட்சிக்கு வைத்திருந்த ஒரு புலி தப்பித்து ஓடி, ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அடியில் பதுங்கியது. ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் பிலிப்ஸ் வந்து அதைச் சுட்டுக் கொன்றார். இன்றுவரை அதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வேடிக்கையாகவே சொல்கிறார்கள். புலியின் பக்கமிருந்து அந்தக் கதையை யாரும் சொன்னதில்லை. நூறாண்டு கழித்து, 2002 ஜனவரியிலிருந்து, ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ்களில் காட்டு விலங்குகளைப் பயன்படுத்த இங்கே தடை வந்தது. இந்தியாவில் புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்குவதற்கு அரசு விதித்த தடையை 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பசப்பாவின் புலியும் கூண்டுக்குள்தான் இருந்தது. இருந்தாலும் அவரைச் சர்க்கஸ் முதலாளிகளோடு ஒன்றாகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் 1942.

ஜப்பானியப் படை மலாயா முழுவதையும் விழுங்கிவிட்டு ஜொகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. ஜனவரி 31ஆம் நாள் பாலம் தகர்க்கப்பட்டது. எதிரி வடகிழக்கே வந்து இறங்குவான் என்று எதிர்பார்த்தார் தளபதி பெர்சிவல். பொங்கோல் இருப்பது அந்தப் பக்கத்தில். தற்காப்புக்கு நிலம் வேண்டும், விலங்குகளையும் பறவைகளையும் அப்புறப்படுத்து என்று பிரிட்டிஷ் படை பசப்பாவுக்குக் கொடுத்த அவகாசம் இருபத்து நான்கு மணி நேரம். குண்டு விழும் ஊரில், ஒரே நாளில், 200 விலங்குகளையும் 2,000 பறவைகளையும் ஒருவர் எங்கே கொண்டுபோக முடியும்? கொண்டுபோக முடியவில்லை. ஆபத்தான விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மற்றவை திறந்துவிடப்பட்டன.

ஜப்பானியர்களோ பிப்ரவரி 7ஆம் நாள் பொங்கோலுக்கு எதிரே உள்ள உபின் தீவில் வெறும் போக்குக் காட்டிவிட்டு, மறுநாள் இரவு வடமேற்குக் கரையில் இறங்கினார்கள்! வராத எதிரிக்காக அந்த விலங்குகள் செத்தன. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதே மாதம் 28ஆம் நாள் அதே பொங்கோல் கரையில் நூற்றுக்கணக்கான சீன ஆடவர்கள் வரிசையாக நிறுத்திச் சுடப்பட்டார்கள். மனிதனுக்கே அந்த நிலை. விலங்குகளுக்காக யார் அழுவார்கள்? பசப்பா அழுதிருப்பார். ஜப்பானியர்கள் அவருடைய காட்சிசாலை நிலத்தைப் பொருள்கள் வைக்கும் கிடங்காக்கினார்கள். மறு ஆண்டு, 1943இல், அவர் காலமானார். போர் முடிந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சென்ற விடுமுறையில் 84ஆம் எண் பேருந்தில் ஏறிப் பொங்கோல் முனைக்குப் போனேன். படகுத்துறையும் கடலுணவுக் கடைகளும் சைக்கிள் ஓட்டும் குடும்பங்களுமாக இருந்தது. கொல்லப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது, நின்று வாசித்தேன். மிருகக்காட்சிசாலையின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. எதிரே நீரிணைக்கு அப்பால் ஜொகூர் தெரிந்தது. தாத்தாவுக்குப் போன் போட்டு, இங்கே நம்ம ஆள் ஒருவர் புலி வளர்த்தாராம் என்றேன். கட்டித்தான் வைத்திருந்தாரா என்று கேட்டார். ஆமாம் தாத்தா, சங்கிலியில்தான் என்றேன்.