எண்களுக்கு வண்ணம் தந்தவர்

நுழையும்முன்

மருத்துவ ஆய்வு உண்மைகளைக் கண்டறிகிறது. அவ்வுண்மைகள் அறிக்கையின் பக்கங்களுக்குள்ளேயே தங்கிவிட்டால் ஓர் உயிரையும் காக்க இயலாது. அரசிக்கும் அமைச்சருக்கும் ஏழைத் தாய்க்கும் அவரவர்க்கு விளங்கும் வகையில் மருத்துவ உண்மைகளைக் கொண்டுசேர்த்த ஒருவரின் வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

கைவிளக்கேந்திய காரிகை என்றவுடன் நினைவுக்கு வருபவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். இரவில் நோயாளிகளிடையே நடந்து அவர்தம் துயர் துடைத்த செவிலியாக உலகம் அவரைப் போற்றுகிறது. அவர் சிறந்த புள்ளியியல் அறிஞராகவும் விளங்கினார் என்பதைப் பலர் அறியார்.

அவர் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. தந்தையார் வில்லியம் அவருக்கு வீட்டிலேயே பல மொழிகளையும் வரலாற்றையும் தத்துவத்தையும் கற்பித்தார். கணிதத்தின்மீது அவருக்குத் தனி நாட்டம் இருந்தது. செவிலியர் பணி இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. அதனால் குடும்பத்தார் அவருடைய விருப்பத்தை எதிர்த்தனர். அவரது உறுதி தளரவில்லை. 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நகரில் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டனில், நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளரானார்.

ஸ்கூட்டாரியில் கண்ட உண்மை

கிரிமியப் போரில் காயமுற்ற பிரித்தானிய வீரர்களுக்குத் தொண்டாற்ற 1854 நவம்பரில் 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். கட்டடத்தின் அடியில் கழிவுநீர் தேங்கி நின்றது, காற்றோட்டம் இல்லை, படுக்கைகள் நெருக்கமாக இடப்பட்டிருந்தன. 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் இறந்தனர். மார்ச் மாதத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மை செய்து, காற்றோட்டத்திற்கும் வழிசெய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவிற்குக் குறைந்தது.

1856இல் தாயகம் திரும்பிய அவர், வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞரின் துணையுடன் போர்க்கால இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க்களக் காயங்களால் இறந்தோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் பன்மடங்கினர் என்பது தெளிவாயிற்று. போர் முடிந்த பின்னும் தாயகத்துப் படைமுகாம்களில் இந்நிலை நீடித்தது. நல்ல உடல்நலம் உடையவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களில் ஆயிரவருக்கு ஆண்டுதோறும் 17 முதல் 20 பேர் வரை இறந்தனர். பொதுமக்களிடையே அவ்விறப்பு 11 மட்டுமே. முகாம்களைச் சீர்திருத்தாவிடில் வீரர்கள் தொடர்ந்து மடிவர் என்பதை அவர் உணர்ந்தார்.

ஆட்சியாளருக்கு வரைபடம்

வெறும் எண்களைப் படிப்போர் மனம் அசைவதில்லை. எனவே, அவ்வெண்களைக் கண்முன் காணும் காட்சியாக மாற்ற அவர் முனைந்தார். தடுக்கக்கூடிய இந்த இறப்புகளை அனுமதிப்பது, ஆண்டுதோறும் 1,100 வீரர்களைச் சாலிஸ்பரி சமவெளிக்கு அழைத்துச்சென்று சுட்டுக்கொல்வதற்கு ஒப்பான குற்றம் என்று சுட்டிக்காட்டினார். ஆயிரத்திற்கு இத்தனை என்னும் விகிதம், நிறுத்திச் சுடப்படும் மனிதர்களின் கூட்டமாக மாறிப் படிப்போரை உலுக்கியது.

புள்ளிவிவர அறிக்கை எவ்வளவு வறட்சியாக இருக்கிறதோ அவ்வளவு நன்று என்பது ஃபாரின் கருத்து. நைட்டிங்கேலின் எண்ணம் வேறு. முடிவெடுக்கும் இடத்தில் இருப்போர் அட்டவணைகளைப் புரட்ட நேரம் ஒதுக்கமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். 1858இல் வண்ண வரைபடம் ஒன்றை வெளியிட்டார். வட்டமாக அமைந்த அப்படத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன. தடுக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த இறப்பு நீலம். காயங்களால் நேர்ந்தது சிவப்பு. பிற காரணங்களால் நேர்ந்தது கறுப்பு. பரந்து விரிந்த நீலத்தின் நடுவே சிவப்பு சிறு துண்டாகச் சுருங்கிக் கிடந்தது. வீரர்களை எது கொன்றது என்பதை ஒரு நோக்கிலேயே உணரமுடிந்தது.

இதில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவர் முதலில் வரைந்த படத்தில், மையத்திலிருந்து அளக்கும் நீளம் இறப்பின் அளவைக் குறித்தது. அம்முறையில் பரப்பைக் காணும் கண்ணுக்குப் பெரிய எண் மேலும் பெரிதாகத் தோன்றும். இக்குறையை உணர்ந்த அவர், பரப்பளவே எண்ணிக்கையைக் குறிக்குமாறு படத்தைத் திருத்தி அமைத்தார். எளிமைக்காக உண்மையை மிகைப்படுத்த அவர் உடன்படவில்லை. லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

இல்லங்களுக்கு நூல்

நோயுற்றோரைப் பேணும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1860ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து இல்லங்களில் பரவியது. ஆயினும் உழைக்கும் மக்களின் வீடுகளுக்கு அஃது எட்டவில்லை என அவர் கருதினார். அடுத்த ஆண்டே அவர்களுக்கெனச் சுருக்கமான மலிவுப் பதிப்பை உருவாக்கினார். தம்பி தங்கையரைக் கவனித்துக்கொள்ளும் சிறுமியரை நேரே விளித்து, குழந்தைக்குத் தூய காற்றும் தூய்மையும் ஏன் தேவை என்பதை விளக்கும் இயல் ஒன்றையும் அதில் சேர்த்தார். அமைச்சருக்கு வரைபடம் தந்தவர், சிறுமிக்குப் பரிவான பேச்சுமொழியைத் தந்தார். உண்மை ஒன்றே, உரைக்கும் முறை மட்டும் வேறு.

இந்தியாவின்மீது அக்கறை

இந்தியாவிலிருந்த படையினரின் உடல்நலத்தை ஆராய 1859இல் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆயிரவருக்கு ஆண்டுதோறும் 69 வீரர்கள் இறந்துவந்தமை தெரியவந்தது. இந்தியாவிற்கு ஒருமுறையேனும் வந்திராத நைட்டிங்கேல், இங்குள்ள முகாம்களுக்கு வினாத்தாள் அனுப்பி விடைகளைத் தொகுக்கச் செய்தார். 1863இல் வெளியான ஆணைய அறிக்கை ஈராயிரம் பக்கங்களைக் கடந்தது. அதனை எவரும் முழுமையாகப் படிக்கமாட்டார் என்பதால், தம் கருத்துகளைப் படங்களுடன் சுருக்கித் தனி நூலாக அச்சிட்டுப் பரப்பினார். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் 1864இல் சுகாதார ஆணையங்கள் தோன்றின. பத்தாண்டுகளுக்குப்பின் இறப்பு ஆயிரத்திற்கு 18 ஆகக் குறைந்ததை அவர் பதிவுசெய்தார். படையினரின் நலம் சுற்றிவாழும் மக்களின் நலத்தோடு பிணைந்தது என்பதை உணர்ந்து, இந்தியச் சிற்றூர்களின் குடிநீர், கழிவுநீர் குறித்தும் தம் முதுமை வரை எழுதினார்.

நிறைவு

1907இல் பிரித்தானிய அரசின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தடுப்பூசி முதல் குடிநீர் வரை, மருத்துவம் கண்ட உண்மைகள் இன்றும் மக்கள்மொழியில் விளக்கப்படவேண்டிய நிலையில் உள்ளன. அறிவியல் பயிலும் மாணவர் தாம் கற்றதைத் தம் வீட்டாருக்கும் ஊராருக்கும் பிழையின்றியும் எளிமையாகவும் எடுத்துரைப்பாராயின், அதுவே நைட்டிங்கேல் அம்மையாருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும்.