புயலில் தப்பியவர் எழுதிய தோணி

கடலில் ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில், அந்தத் துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல நா எழாமல், கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரைப் பழவேற்காட்டுக் கரையில் நாம் கண்டிருக்கிறோம். யுத்த காலத்தில் தமக்குரியவர்களை இழந்த ஒரு தமிழரும் அவ்வாறே ஒரு தோணியை நமக்குக் காட்டிச் சென்றார். அவர்தான் நாவலாசிரியர் ப. சிங்காரம்.

சிங்காரம் 1920ஆம் ஆண்டு சிங்கம்புணரியில் பிறந்தார். மதுரை செயின்ட் மேரீஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பதினெட்டாம் பிராயத்தில், 1938ல், பிழைப்பை நாடிக் கப்பலேறிச் சுமத்ரா தீவிலுள்ள மெடான் பட்டணம் சேர்ந்து, தமிழர் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே அவருக்கு விவாகமும் நடந்தது. ஆனால் அந்த இல்லறம் நிலைக்கவில்லை. பிரசவத்தில் மனைவியும் சிசுவும் இறந்துபோயினர்.

1942 மார்ச்சு மாதம் ஜப்பானியப் படை சுமத்ராவைக் கைப்பற்றியது. 1945ல் ஜப்பான் சரணடையும்வரை நீடித்த அந்த ஆட்சியின் பயங்கரங்களுக்கு நடுவே சிங்காரம் உயிர் தப்பினார். 1946ல் தாயகம் திரும்பி, மதுரையில் தினத்தந்தி பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தார். மறுவிவாகம் செய்துகொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையொன்றில் நெடுங்காலம் தனித்தே வாழ்ந்தார்.

அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 1959ல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’ ஒன்று. 1972ல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’ மற்றொன்று. இரண்டிலும் கதாநாயகர்கள் மணமாகாத வாலிபர்கள். தம் சொந்தத் துக்கத்தை அவர் எங்கும் நேராக எழுதி வைக்கவில்லை. ஆனால் படிப்பவர் நெஞ்சில் அந்தத் துக்கம் படாமல் போவதில்லை. அது எவ்வாறு?

அவர் அடையாளங்களால் பேசினார். ‘புயலிலே ஒரு தோணி’யில் பாண்டியன் என்னும் வாலிபன், மெடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்னும் மரக்கலத்தில் போகிறான். நடுக்கடலில் புயல் அடிக்கிறது. அந்தப் புயல் வெறும் காற்றும் மழையும் அன்று. பேரரசுகள் மோதுகையில் அகப்பட்டுக்கொள்ளும் ஏழை மனிதனுக்கு யுத்தம் எத்தகையது என்பதே அங்கு காட்டப்படுகிறது. யார் மூட்டிய யுத்தமோ, தோணியிலிருப்பவன் கையில் சுக்கான் இல்லை.

தோணி கரை சேருகிறது. பாண்டியனோ தன் ஊர் சேரவில்லை. அவன் அந்நிய மண்ணிலேயே மடிகிறான். அதுவரை அவன் மனம் சின்னமங்கலத்துச் சந்தையையும் மதுரை வீதிகளையும் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. சந்தை என்பது சாதாரண விஷயந்தான். ஆயினும் திரும்பிப் போக முடியாதவனுக்கு, இழந்த யாவும் அந்தச் சந்தையில் அடங்கியிருக்கின்றன.

சிங்காரம் 1997 டிசம்பர் 30ந் தேதி மரணமடைந்தார். தனியராக வாழ்ந்த அவர், தம் சேமிப்பை ஏழை மாணவர் கல்விக்கென விட்டுச் சென்றார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் இறந்தவரைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், பழைய வலையையோ துடுப்பையோ பற்றியே திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கேட்ட கதைதானே என்று எழுந்து போகாதிருப்போம். அவர்கள் பேசுவது வலையைப்பற்றி அல்ல. சற்று நேரம் அருகில் அமர்ந்து கேட்பதே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய ஆறுதல்.