சாணச் சாம்பலைப் படித்தவர்

கொல்லிமலையின் பாறைகளைக் கால்நடையாகச் சென்று ஆராய்ந்தவர்களுள் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒருவர். 1834இல் இங்கிலாந்தில் பிறந்து, 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வில்லியம் கிங்குடன் இணைந்து 1864இல் வெளியிட்ட அறிக்கை, திருச்சி, சேலம், தென்னார்க்காடு பகுதிகளை விவரிக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவியைப் பாடநூல்கள் மறப்பதில்லை. அவர் ஆராய்ந்த எலும்பையும் சாணத்தையும் நாம்தான் மறந்துவிட்டோம்.

1884இல் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளில் அகழ்வைத் தொடங்கினார். மகன் ஹென்றி அதைத் தொடர்ந்தார். கிடைத்த எலும்புகளை லைடெக்கர் ஆராய்ந்தபோது, இன்று தென்னகத்தில் இல்லாத காண்டாமிருகம் அவற்றுள் இருந்தது தெரியவந்தது.

பெல்லாரியின் சாம்பல் மேடுகள் அதைவிடப் பெரிய புதிர். எரிமலைக் கழிவு என்றனர் சிலர். பலிக்களம் என்றனர் வேறு சிலர். புதிய கற்கால மக்களின் மாட்டுப்பட்டிகளில் குவிந்து எரிந்த சாணமே அது என்றார் ஃபூட். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது. பொருளியல் பயின்ற எனக்கு இம்மேடுகள் மூலதனத்தின் பழங்கணக்கேடாகவே தோன்றுகின்றன. 1957இல் உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் அகழ்ந்தபோது, சாம்பல் அடுக்குகளிடையே குளம்புத் தடங்கள் பதிந்திருந்தன.

இறுதிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவருடைய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. அதன் அட்டவணை நூல் 1914இல் வெளிவந்தபோது அவர் இல்லை, 1912இலேயே மறைந்திருந்தார். அம்மேடுகளையோ இன்று எருவுக்காகவும் வெட்டியெடுக்கிறார்கள்.