சர் சி.வி.ராமன்: 70 வயதுக்கு மேல் தன் கண்ணையே ஆராய்ந்த விஞ்ஞானி!

போன வாரம் ராத்திரி பத்தரை மணி. கள்ளிக்குப்பத்தில் எங்க வீட்டில் கரன்ட் போச்சு. அதுவரைக்கும் முழு பிரைட்னஸில் ரீல்ஸ் பார்த்துக்கிட்டிருந்த போனும் சார்ஜ் தீர்ந்து அடுத்த நிமிஷமே அணைஞ்சுடுச்சு. எதிர்ச் சுவரைப் பார்த்தா, இருட்டுல போன் சைஸில் ஒரு செவ்வகம் மிதக்குது. கண்ணை இடதுபக்கம் நகர்த்தினா அதுவும் இடதுபக்கம் வருது. கொஞ்ச நேரத்தில் மெதுவா நிறம் மாறி, கரைஞ்சே போச்சு.

உங்களுக்கும் இது கட்டாயம் நடந்திருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வெளிச்சத்தைத் தெரியாம பார்த்துட்ட யாரைக் கேட்டாலும், அதுக்கப்புறம் கண்ணு முன்னாடி திட்டுத் திட்டா மிதந்ததைச் சொல்வாங்க.

சுவரில் எதுவுமே இல்லை. அந்தச் செவ்வகம் நம்ம கண்ணுக்குள்ளேயும் மூளைக்குள்ளேயும்தான் இருந்தது. வெளியே இல்லாத ஒண்ணைக் கண் எப்படிக் காட்டுது? அப்போ வெளியே 'இருக்கு'ன்னு நாம பார்க்கிறதெல்லாம் எவ்வளவு நிஜம்?

இந்தக் கேள்விகளைப் பிடிச்சுக்கிட்டு, 70 வயசுக்கு மேல் இருட்டறையில் போய் உட்கார்ந்தார் ஒரு தமிழர். நோபல் பரிசு, பாரத ரத்னா எல்லாம் வாங்கி முடித்த பிறகு! அவர் சர் சி.வி.ராமன். பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமாக ஸ்கூலில் கொண்டாடியிருப்போம். ஆனால், அவருடைய கடைசிப் பத்தாண்டுகளின் இந்தக் கதை பாடப்புத்தகத்தில் அதிகம் வராது.

திருவானைக்காவலில் இருந்து கொல்கத்தாவுக்கு

1888 நவம்பர் 7 அன்று, திருச்சி பக்கத்தில் உள்ள திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைக்க, ராமன் வளர்ந்தது அங்கேதான்.

மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் 1904-இல் பி.ஏ. முடித்தபோது அவருக்கு வயது 15. இயற்பியலில் தங்கப் பதக்கம். 18 வயதில் அவர் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனில் இருந்து வெளிவந்த 'பிலாசபிக்கல் மேகசின்' இதழில் அச்சானது. விஷயம்? ஒளிதான்.

ஆனால், அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பி குடும்பம் நடத்த முடியாது. 1907-இல் எம்.ஏ. முடித்தார், லோகசுந்தரியைத் திருமணம் செய்தார், நிதித்துறை அதிகாரியாக கல்கத்தாவுக்குப் போனார். அங்கே ஒருநாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஓர் அறிவியல் சங்கத்தின் போர்டைப் பார்த்தார். அப்புறம் பல வருஷம் அதுதான் வாழ்க்கை. விடியற்காலையில் லேப், பகலில் ஆபீஸ், மாலையில் மறுபடியும் லேப்.

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் பெருமளவு குறையும்னு தெரிஞ்சே அரசு வேலையை விட்டார்.

கடலைப் பார்த்த கண்

1921-இல் இங்கிலாந்து போய்விட்டு 'நர்குண்டா' கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை விடவே இல்லை. வானத்தின் பிரதிபலிப்பால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்பது அன்று பரவலாக இருந்த கருத்து. ராமன் பாக்கெட்டில் வைத்திருந்த ஒரு சின்ன நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்தார். நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை மட்டும் அது தடுத்துவிடும். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அப்படியென்றால் நீர் தானே ஒளியைச் சிதறடிக்கிறது!

அந்தப் பாதையில்தான் 1928 பிப்ரவரி 28-இல் 'ராமன் விளைவு' பிறந்தது. அதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனும் முதலில் அதைக் கண்டது பெரிய மெஷின்களில் இல்லை. சூரிய ஒளியை ஒரு நிற வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். வெளியே வரும் ஒளியை அதற்கு எதிரான நிற வடிகட்டி வழியாகப் பார்த்தார்கள். எதுவுமே தெரியக்கூடாத இடத்தில், மங்கலாக ஒரு ஒளிக்கீற்று தெரிந்தது. ஒளியின் நிறம் மாறியிருந்தது. அதைக் கண்டுபிடித்த முதல் கருவி, மனிதக் கண்!

1930-இல் நோபல் பரிசு. அறிவியலில் அதைப் பெற்ற முதல் ஆசியர் ராமன்.

பெங்களூரில் தனியாக

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அடுத்த வருஷமே இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். ஆனால், நிர்வாகத்தோடு உரசல். 1937-இல் இயக்குநர் பதவியை விட்டு விலகி, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். 1948-இல் ஓய்வு பெற்றதும் தனக்கென்று 'ராமன் ஆராய்ச்சி நிறுவனம்' அமைத்தார். சுற்றிலும் மரங்கள், ரோஜாத் தோட்டம், உள்ளே வைரங்கள், கனிமங்கள், வண்ணத்துப்பூச்சிகளின் சேகரிப்பு. 1954-இல் பாரத ரத்னா வந்தது.

அரசுப் பணம் வந்தால் கூடவே தலையீடும் வரும் என்று பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார். இதனால் சுதந்திரம் கிடைத்தது. கூடவே தனிமையும் வந்தது.

பூக்களில் ஆரம்பித்தது

1960-களின் தொடக்கம். 75 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ராமன், தோட்டத்துப் பூக்களை ஸ்பெக்ட்ரோஸ்கோப் வழியாகப் பார்க்கத் தொடங்கினார். ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி அது.

நீலப் பூ என்றால் நீல ஒளி மட்டும்தானே வரணும்? வரலை. பச்சையும் சிவப்பும்கூடச் சேர்ந்தே வந்தன. மஞ்சள் பகுதிதான் பெரிதும் காணாமல் போயிருந்தது. ஆனாலும் பார்ப்பவர்கள் அதை நீலம் என்றுதான் சொல்வார்கள். பூவில் இருந்து வருவது ஒண்ணு, நாம பார்க்கிறது வேற ஒண்ணு. அப்படின்னா நிறம் பூவில் இருக்கா, நம்மிடம் இருக்கா?

1928-இல் நிற வடிகட்டியைத் திரவத்தின் முன் பிடித்தவர், இப்போது அதைத் தன் கண் முன் பிடித்தார்.

சோதனை ரொம்ப எளிமையானது. பளிச்சென்று வெளிச்சம் பட்ட வெள்ளைத் திரை. கண் முன்னால் ஒரு நிற வடிகட்டி. திரையின் ஒரு புள்ளியைச் சில நொடிகள் அசையாமல் பார்க்கவேண்டும். பிறகு வடிகட்டியைச் சட்டென்று எடுக்கவேண்டும். அந்த நொடியில் வெள்ளைத் திரையின் மேல் நிறத்தில் ஓர் உருவம் தோன்றி மறையும். நடுவில் ஒரு வட்டம். அது தன் விழித்திரையின் பெரிதாக்கப்பட்ட படம், நடுவில் தெரிவது 'ஃபோவியா' எனும் கூர்மைப் பார்வைக் குழி என்று ராமன் விளக்கினார். வெவ்வேறு நிற வடிகட்டிகளை மாற்றி மாற்றித் தன் கண்ணைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயசுல கலர் கண்ணாடித் தாளைக் கண்ணில் வெச்சு விளையாடியிருப்போமே, அதே விளையாட்டுதான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பகல் வெளிச்சம் படும் வெள்ளைச் சுவரை சிவப்புத் தாள் வழியா அரை நிமிஷம் பார்த்துட்டு, தாளை எடுங்க. சுவர் பச்சையும் நீலமும் கலந்த மாதிரி தெரியும். (சூரியனைப் பார்த்து மட்டும் இதைச் செய்யவே கூடாது.)

மங்கிய வெளிச்சத்தில் நிறங்கள் எப்படி மங்குகின்றன, இரவில் பார்வை எப்படி மாறுகிறது என்றும் ஆராய்ந்தார். எல்லாவற்றையும் சேர்த்து 1968-இல், 80 வயதைத் தொடும் ஆண்டில், பார்வையின் இயக்கம் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார்.

எங்கே சறுக்கினார்?

கதை இங்கே சுகமாக முடிந்திருக்கலாம். ஆனால், பார்வைத் துறை ஆய்வாளர்கள் ராமனின் முடிவுகளை ஏற்கவில்லை. காரணம் இருந்தது.

நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்துக்கான குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. கூம்புகளில் மூன்று வகை. மூன்றும் தரும் சிக்னல்களின் கலவையில்தான் எல்லா நிறங்களையும் பார்க்கிறோம் என்பது 19-ஆம் நூற்றாண்டில் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன கொள்கை. ராமன் அதை நிராகரித்தார். மஞ்சளைத் தனி நிறமாகவே பார்த்தார். இருட்டில் பார்க்க உதவும் நிறமிக்கு அந்தப் பங்கு இருக்கிறது என்பதையும் ஏற்கவில்லை.

ஆனால், 1964-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதக் கூம்புச் செல்களை நேரடியாக அளந்து மூன்று வகை நிறமிகளையும் காட்டிவிட்டார்கள். 1967-இல் கண்ணின் நிறமிகளை ஆராய்ந்த ஜார்ஜ் வால்டுக்கு நோபல் பரிசும் கொடுக்கப்பட்டது. அதற்கு அடுத்த வருஷம்தான் ராமனின் நூல் வந்தது.

ராமன் திரையில் பார்த்த படம் பொய்யில்லை. அதற்கான விளக்கம்தான் வேறு. சிவப்புத் தாள் வழியாகப் பார்க்கும்போது சிவப்புக்கான கூம்புகள் உழைத்துச் சோர்கின்றன, மற்றவை ஓய்வில் இருக்கின்றன. தாளை எடுத்ததும் ஓய்வில் இருந்தவை ஓங்கி ஒலிக்கின்றன. ஃபோவியா பகுதியின் நிறமிகள் சுற்றுப்புறத்தில் இருந்து வேறுபடுவதால் அந்த இடம் வட்டமாகத் தனித்துத் தெரிகிறது. அவர் மறுத்த நிறமிகளே அவர் கண்ட காட்சியை வரைந்திருந்தன!

இதுக்குச் சாட்சி இப்போ உங்க கையிலேயே இருக்கு. போன் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஒரு துளியூண்டு தண்ணி வெச்சுப் பாருங்க. துளி லென்ஸ் மாதிரி வேலை செய்யும். சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். மஞ்சளுக்குன்னு தனிப் புள்ளியே கிடையாது. சிவப்பும் பச்சையும் எரிய, மஞ்சளை உருவாக்குறது நாமதான்.

மூளை செய்யும் வேலை

ராமன் கண்ணோடு நின்றார். அதே காலத்தில் மற்றவர்கள் கண்ணுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். 1929-இல் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், தலையில் மின்முனைகள் வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்த ஆய்வை வெளியிட்டார். கண்ணை மூடியிருக்கும்போது நொடிக்குச் சுமார் 10 முறை சீராக எழும் அலை, கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். 1934-இல் இங்கிலாந்தில் ஏட்ரியனும் மேத்யூஸும், மினுக்கும் விளக்கின் தாளத்துக்கு அந்த அலையை இழுக்க முடியும் என்று காட்டினார்கள். 1959-இல் ஹியூபலும் வீசலும் பூனையின் மூளையில், குறிப்பிட்ட சாய்வில் ஒரு கோடு தெரிந்தால் மட்டும் துடிக்கும் செல்களைப் பற்றி எழுதினார்கள்.

1966-இல் குரங்கு மூளையில் இன்னொரு விஷயம் தெளிவானது. கூம்புகளில் இருந்து வரும் சிக்னல்களை, சிவப்புக்கு எதிராகப் பச்சை, நீலத்துக்கு எதிராக மஞ்சள் என்று ஒப்பிடும் செல்கள் அங்கே இருந்தன. மஞ்சளுக்குத் தனி இடம் உண்டு என்ற ராமனின் உள்ளுணர்வு முழுத் தப்பில்லை. அவர் தேடிய இடத்தில் அது இல்லை, அவ்ளோதான்.

இதுதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. அந்தக் கூர்மையான கண்ணோடு ஒரு உயிரியலாளரும் ஒரு மூளை ஆய்வாளரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால்? ராமன் பெரும்பாலும் தனியாகவே பார்த்தார். அந்த ஆய்வுகளை அவருக்கு நெருக்கமான 'கரன்ட் சயின்ஸ்' இதழிலும், தன் அகாடமியின் வெளியீடுகளிலும்தான் எழுதினார். தன் கண்ணை நம்பியதால்தான் கடலின் உண்மை தெரிந்தது. அதே நம்பிக்கைதான் பின்னாளில் மற்றவர்களின் சான்றுகளை மறைத்தது.

ஒரு மரம்

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1970 அக்டோபர் 2 அன்று அவர் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவு, காது எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றியது. கண்ணை முடித்து காதுக்கு வந்திருந்தார்! அந்த மாதக் கடைசியில் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். கடைசி நாள்களைத் தன் நிறுவனத்திலேயே கழிக்க விரும்பி அங்கே திரும்பினார். நவம்பர் 21 அன்று, 82 வயதில் காலமானார். அவர் விருப்பப்படியே நிறுவனத்தின் தோட்டத்தில் தகனம் நடந்தது. நினைவு மண்டபம் இல்லை. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.

அந்த கரன்ட் கட்டுக்குப் பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க மொட்டை மாடியில் இருக்கிற செம்பருத்தித் தொட்டியைப் பார்க்கிறேன். இருட்ட இருட்ட, முதலில் சிவப்புப் பூ கறுத்துப் போகுது. இலை இன்னும் கொஞ்ச நேரம் வெளிறித் தெரியுது. 1825-லேயே செக் விஞ்ஞானி புர்கின்யே கவனித்த விஷயம் இது. கூம்புகள் ஓய, குச்சிகள் பொறுப்பேற்கின்றன. குச்சிகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது.

நீங்களும் ஒருநாள் போனைக் கீழே வெச்சுட்டுப் பாருங்க. பார்த்துட்டு, பக்கத்துல நிக்கிறவங்க கிட்டேயும் கேளுங்க, அவங்களுக்கு என்ன தெரியுதுன்னு.