நாட்களை எண்ணித் தந்த அல்பிரூனி (ரஹ்)

ஸகாத்துக்கு ஆங்கில வருடமா, பிறை வருடமா என்ற கேள்வி நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர, தேதிகளை மாற்றும் கணக்கை விரிவாக எழுதிய மேதை அபூரைஹான் அல்பிரூனி (ரஹ்) அவர்களின் வாழ்வை நோக்குவோமாக!

அன்னார் ஹிஜ்ரி 362ல் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தார்கள். இளமையிலேயே அபூநஸ்ர் மன்ஸூர் அவர்களிடம் கணிதமும் வானநூலும் பயின்றார்கள். கி.பி. 995ல் உள்நாட்டுக் கலகம் மூளவே, ஊரைத் துறந்து அலைய நேர்ந்தது. பின்னர் ஜுர்ஜான் மன்னர் காபூஸின் ஆதரவில், கி.பி. 1000 வாக்கில், 'அல்ஆஸாருல் பாகியா' என்னும் நூலை இயற்றினார்கள்.

அரபிகள், யூதர், கிறிஸ்தவர், பாரசீகர் ஆகியோரின் வருடக் கணக்குகளை அதில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாள் வேறு. மாத நீளமும் வேறு. ஆகவே ஒரு தேதியை முதலில் நாட்களின் எண்ணிக்கையாக மாற்ற வேண்டும். இரு சகாப்தங்களின் தொடக்கத்துக்கு இடையிலுள்ள நாட்களைக் கூட்டியோ கழித்தோ, வருவதை மற்ற கணக்கின் வருடம், மாதமாகப் பிரிக்க வேண்டும். வாய்பாட்டு முறைப்படி ஹிஜ்ரி 30 வருடங்களுக்கு 10,631 நாட்கள். இன்று பல கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணிவைத்து, கேட்கும்போது தேதியாக்கித் தருவதும் இவ்வகைக் கணக்கே.

இத்தனை கணக்கறிந்தும், பிறை பார்ப்பதை விட்டு வாய்பாட்டைக் கொண்டே ரமலானைத் தொடங்கியோரை அன்னார் அந்நூலில் மறுத்தார்கள். கணக்கு எதற்கு, கண் எதற்கு என்ற வரம்பை அறிந்திருந்தார்கள்.

கி.பி. 1017ல் சுல்தான் மஹ்மூது குவாரிஸ்மை வென்றபின் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். சமஸ்கிருதம் கற்று, இந்தியரின் கால அளவைகளையும் எழுதினார்கள். கி.பி. 1050ஐ ஒட்டிக் கஸ்னாவில் வபாத்தானார்கள். மரணப் படுக்கையிலும் வாரிசுப் பங்கு பற்றிய ஒரு மஸ்அலாவைக் கேட்டறிந்தார்கள் என வரலாற்றாசிரியர் யாகூத் எழுதுகிறார்.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஸகாத்துக்குரிய வருடம் பிறை வருடமே. அது சுமார் 354 நாள். ஆங்கில வருடம் 365 நாள். ஆங்கிலத் தேதியில் ஸகாத் கொடுத்து வருபவர், வருடந்தோறும் 11 நாள் பிந்தி, சுமார் 33 வருடங்களில் ஒரு முழு வருட ஸகாத்தையே விட்டுவிடுகிறார். அது ஏழைகளின் ஹக்கு அல்லவா? கணவனை இழந்த பெண்ணின் 4 மாதம் 10 நாள் இத்தாவிலும் மாதம் என்பது பிறை மாதமே.

ஆகவே நிஸாபு நிறைந்த நாளின் பிறையை வீட்டில் எழுதி வைப்போம். மறந்திருந்தால், ஆங்கிலத் தேதியைக் கொண்டு கணக்கிட்டு அறிந்துகொள்வோம். அல்லாஹ் தௌபீக் செய்வானாக! ஆமீன்.