பேர் சொல்லும் பேரன்

தாத்தாவின் பெயரைத் தாங்குபவனே பேரன். ஆண் குழந்தைக்குத் தாத்தாவின் பெயரை இட்டு மகிழ்வது நம் வழக்கம். ஆனால் பெயரைக்கூடத் தம் உரிமையாகக் கொள்ள இயலாத மக்களும் உலகில் வாழ்ந்தார்கள். அமெரிக்க நாட்டின் அடிமைகளே அவர்கள். அம்மக்களிடையே தோன்றித் தம் தாத்தாவின் பெயரை நிலைநாட்டிய ஐசக் மர்பியின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

குதிரைப் பந்தயம் என்றதும் நமக்குச் சூதாட்டமே நினைவுக்கு வரும். பணம் கட்டியவர்களை விட்டுவிட்டு, குதிரையோடு உழைத்தவர்களைச் சற்றுப் பார்ப்போம். கெண்டக்கி மாநிலம் பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போனது. அவற்றைக் குளிப்பாட்டித் தீனி வைத்துப் பழக்கி ஓட்டியவர்களுள் மிகப் பலர் அடிமைகள். குதிரையும் அதன் காவலனும் ஒரே எசமானனின் உடைமைகள்! 1864-ஆம் ஆண்டில் எட்வர்டு டிராய் என்னும் ஓவியர் ஆஸ்டராய்டு என்ற குதிரையைத் தீட்டினார். பயிற்சியாளர் ஆன்சல் வில்லியம்சனும் ஜாக்கி எட்வர்டு பிரவுனும் அதில் உடன் நிற்கிறார்கள். இருவரும் அடிமைகள். ஓவியத்தின் தலைப்பில் இருப்பதோ குதிரையின் பெயர் மட்டுமே.

அந்தக் கெண்டக்கியில் 1861-ஆம் ஆண்டு ஐசக் பர்ன்ஸ் பிறந்தார். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் சேர்ந்த தந்தை உயிர் நீத்தார். 1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. தாய் லெக்சிங்டன் நகரில் துணி வெளுத்து மகனை வளர்த்தார். சிறிய உடலும் பொறுமையும் கொண்ட சிறுவனை ஈலை ஜார்டன் என்னும் கறுப்பினப் பயிற்சியாளர் குதிரையேற்றத்தில் பழக்கினார். தாயின் விருப்பப்படி, தாய்வழித் தாத்தா கிரீன் மர்பியின் பெயரை ஐசக் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

1875-இல் முதல் கெண்டக்கி டெர்பி நடந்தது. ஓடிய 15 குதிரைகளில் 13-ஐ ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர். வென்ற குதிரையைப் பழக்கியவர், நாம் ஓவியத்தில் கண்ட அதே ஆன்சல் வில்லியம்சன். இப்போது அவர் சுதந்திர மனிதர். ஐசக்கின் பந்தய வாழ்க்கை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

மர்பி சாட்டையை அதிகம் நம்பவில்லை. குதிரையின் மனமறிந்து வேகத்தைக் கணித்து, கடைசி நேரத்தில் முந்துவதே அவர் திறமை. நேர்மைக்கும் அவர் பெயர் பெற்றிருந்தார். 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் டெர்பியை வென்றார். மும்முறை வென்ற முதல் ஜாக்கி அவரே. அச்சாதனையை மற்றொருவர் எட்ட 1930-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அரும்பாடுபட்டு ஈட்டிய பெயருக்கு ஒரே நாளில் களங்கம் வந்தது. 1890 ஆகஸ்டில் மான்மத் பந்தயத்தில் அவர் தள்ளாடிக் கடைசியாக வந்து, குதிரையிலிருந்து விழுந்தார். குடிபோதை என்று பலர் தூற்றினர். நஞ்சு கலந்தனர் என்றனர் சிலர். எடை குறைக்கப் பட்டினி கிடந்ததால் வந்த தளர்ச்சி என்றனர் வேறு சிலர். அவர் தற்காலிகமாக விலக்கப்பட்டார். எனினும் அடுத்த மே மாதமே கிங்மேன் என்ற குதிரையில் டெர்பியை வென்றார். அதைப் பழக்கியவரும் அதன் உரிமையாளருள் ஒருவருமான டட்லி ஆலனும் கறுப்பினத்தவரே. உடைமையாக இருந்த இனத்தவர் உரிமையாளராக நின்ற நாள் அது!

1896-இல், 35-ஆம் வயதில் மர்பி நிமோனியாவால் காலமானார். பின்னர் நிறவெறி தலைதூக்கிக் கறுப்பின ஜாக்கிகளைப் பந்தயங்களிலிருந்து விரட்டியது. 1902-க்குப் பின் அவர்களில் ஒருவரும் டெர்பியை வென்றதில்லை. மர்பியின் கல்லறையும் கவனிப்பாரின்றி மறைந்தது. 1955-இல் தேசியப் பந்தய அருங்காட்சியகம் அவரைப் புகழ்பெற்றோர் வரிசையில் சேர்த்தது. அவர் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு பத்திரிகையாளர். 1967-இல் அவர் எச்சங்கள் சிறப்புடன் மறு அடக்கம் செய்யப்பட்டன. இன்று அவர் கல்லறை கெண்டக்கி குதிரைப் பூங்காவில் உள்ளது.

அடிமைச் சந்தையில் பெயர்களுக்கு மதிப்பில்லை. ஆயினும் துணி வெளுத்த தாய் தன் தந்தையின் பெயரை மகனிடம் ஒப்படைத்தார். மகன் அதைக் காத்தார். இனி பழைய ஓவியம் ஒன்றைக் காணும்போது, நடுவில் நிற்கும் குதிரையோடு, கடிவாளம் பிடித்து ஓரமாக நிற்பவர் யாரென்றும் நாம் கேட்போமாக!